புகைப்புரைக் கதவு

அத்தியாயம் 11

படம் பார்க்கத் தானும் வருவதாக லில்லிபுஷ்பம் சொன்னதும், ஜான்ரோஸ் வாய்க்குக் கொண்டுபோன தோசையைத் தட்டில் திரும்ப வைத்தான்.

“அம்மா வரண்டாம். தியேட்டர்ல ஏசி போடுவான். ஒங்களுக்கு ஒத்துக்காது.”

“போர்த்திக்கிடுகேன்.”

“சத்தம் காதப் பொளக்கும்.”

“எனக்குக் காது பாதிதான் கேக்கும். மிச்சத்தப் பொளந்தா என்ன?”

ஜெமி சிரித்தாள். ஜான்ரோஸின் தங்கை. தோஹாவில் நர்ஸ். தங்கள் வீட்டை சினிமாவில் காண வேண்டும் என்பதற்காகவே லீவை இந்த மாதத்துக்கு மாற்றி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“அண்ணனுக்கு என்னவாக்கும் இப்போ? வீட்டப் படக்காரனுக்கு வாடகைக்கு விட்டது நீ. அதப் போயிப் பாக்க எங்களுக்குத் தடையா? நாலு டிக்கெட் எடுத்தாச்சு. மார்த்தாண்டம். மத்தியான ஷோ. மைனி, அம்மைக்கு அந்தச் சந்தனக் கலர் சேலைய எடுத்துக் குடுங்க. வெள்ளையச் சுத்திக்கிட்டு வந்தா படத்துல உள்ள பேயின்னு ஆளுவ எந்திரிச்சு ஓடும்.”

ஜான்ரோஸின் மனைவி ரெனிஷா சேலையை எடுத்தாள். மாமியார் கையில் கொடுக்கவில்லை. கட்டில்மேல் வைத்துவிட்டு வந்தாள்.

குலசேகரத்தைத் தாண்டி மலைப்பக்கம் ஏறும் சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது தொரை பங்களா. எந்தத் துரை கட்டினார் என்று இப்போது யாருக்கும் தெரியாது. ஜான்ரோஸின் தாத்தா வாங்கியது. தேக்குப் படிக்கட்டு, உயரமான ஹால், மழைக்காலத்தில் தானாக முனகும் மேல்தளம். கொலைப் படம் எடுக்கத் தேடி அலைந்த கொச்சிக்காரர்கள் போன வருடம் இதைக் கண்டதும் வேறு வீடு பார்க்கவில்லை.

கதை ஊருக்கே தெரியும். எஸ்டேட் முதலாளி ஒருவர் தன் பங்களாவில் செத்துக் கிடக்கிறார். வீட்டில் உள்ள எல்லோர்மேலும் சந்தேகம். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து கண்டுபிடிக்கிறார். முடிவை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. கடைசிக் காட்சிகளை எடுத்தபோது ரெனிஷா மாமியாரைக் கண் ஆபரேஷனுக்காக நெய்யூருக்குக் கூட்டிப்போயிருந்தாள். ஜெமி தோஹாவில். வீட்டில் இருந்தது ஜான்ரோஸ் மட்டும். கேட்டால் கவனிக்கவில்லை என்பான்.

கேட்க ரெனிஷாவுக்கும் பிரியமில்லை. அந்த வீட்டில் நிஜமாகவே ஒருவர் செத்திருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஏறினால் புகைப்புரை. உறைய வைத்த ரப்பர் பாலை ரோலரில் அடித்து, ஷீட்டாக்கி, மூங்கில் கம்புகளில் தொங்கவிட்டுப் புகைபோடும் செங்கல் அறை. சன்னல் கிடையாது. ஒரு கதவு. புகை வெளியே போனால் ஷீட்டில் பூசணம் பிடிக்கும், விலை போகாது. ஆகவே அந்தக் கதவு திறந்து கிடப்பதை யார் கண்டாலும் ‘ஆளுண்டா?’ என்று விளித்துக் கேட்டுவிட்டு, பதில் இல்லை என்றால் வெளித்தாழ்ப்பாளான கொண்டியைப் போட வேண்டும். ஜான்ரோஸின் அப்பா ரசலையன் போட்ட சட்டம். மறந்ததற்கு அவரிடம் அடி வாங்காத பிள்ளை அந்த வீட்டில் வளரவில்லை. கல்யாணமாகி வந்த ஆறாம் மாதத்தில் ரெனிஷாவின் கையும் தானாகவே அந்தக் கொண்டிக்குப் போகத் தொடங்கியது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாளில், விளக்கு வைக்கும் நேரத்தில், மாமனாரைக் காணவில்லை என்று தேடிப்போனாள். கொண்டியை எடுத்துக் கதவைத் திறந்தாள். வாசலை ஒட்டி உள்ளே கிடந்தார் ரசலையன். அவருக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு. புகைக்குள் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் கத்தினாள். வீட்டார் ஓடிவந்தார்கள். யாரும் கேட்கும் முன்பே அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டது.

“கதவு சும்மா சாத்தித்தான் கெடந்தது.”

நெஞ்சடைப்பு என்றார் டாக்டர். மறுநாள் அடக்கம். அதன்பிறகு அந்தக் கதவைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. ஷீட் அடிப்பதையும் நிறுத்தி, பாலைப் பாலாகவே விற்றார்கள்.

அவள் பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அன்று பிற்பகல் மாமனாரும் மாமியாரும் சண்டை போட்டார்கள். அவர் எழுந்து வெளியே போனார். கொஞ்சம் கழித்து, அடுக்களைச் சன்னல் வழியாக ரெனிஷா பார்த்தாள். லில்லிபுஷ்பம் புகைப்புரைப் பாதையிலிருந்து இறங்கி வந்தாள். முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

கை பழக்கத்தில் போட்டாளோ, மனதறிந்து போட்டாளோ. ரெனிஷா கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து லில்லிபுஷ்பம் சர்ச்சில் திருவிருந்து அப்பமும் ரசமும் எடுப்பதை நிறுத்திவிட்டாள். பாவத்தை மனதில் வைத்துக்கொண்டு அதைத் தொடக் கூடாது. எல்லோரும் எழுந்து பீடத்தண்டை போகும்போது அவள் மட்டும் பெஞ்சில் குனிந்தபடி இருப்பாள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்.

ரெனிஷா ஒரு குறையும் வைக்கவில்லை. வெந்நீர், மருந்து, கஞ்சி எல்லாம் நேரத்துக்குப் போகும். ஆனால் மாமியார் கலக்கிய சாயாவை அவள் தொட்டதில்லை. ஒரே மேசையில் சேர்ந்து உண்டதில்லை. இரண்டு வருடமாக.

*

தியேட்டரில் பாதிப்பேர் குலசேகரத்துக்காரர்கள். வீடு திரையில் வந்ததும் விசில் பறந்தது.

“அய்யோ மைனி, நம்ம படிக்கெட்டு,” என்றாள் ஜெமி. “நான் உருண்டு விழுந்து முன்பல்லு போன படிக்கெட்டு. அதுல அந்த நடிகை என்ன ஒயிலா எறங்குகா பாருங்க. அம்மா, பாத்தீங்களா?”

“பாக்கேன். நம்ம ஹால்ல இத்தன வெளிச்சம் எப்போ இருந்துது?”

“அதெல்லாம் லைட்டு போட்டது.”

“அவங்க போட்டா வருது. நாம போட்டா கரண்டு பில்லுதான் வருது.”

லில்லிபுஷ்பம் சந்தனக் கலர் சேலையில், ஒரு போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தாள். புதுக் கண்ணால் திரையை விடாமல் பார்த்தாள். அவளுக்கு ஒரு பக்கம் ரெனிஷா, மறுபக்கம் ஜெமி. ஓரத்தில் ஜான்ரோஸ்.

இடைவேளையில் வைகுண்டராஜன் வந்தார். குலசேகரத்தில் ரப்பர் கடை வைத்திருப்பவர். கையில் பாப்கார்ன்.

“ஜான்ரோசே, ஒன் வீட்ட இனி வெலைக்குக் கேட்டு ஒருத்தன் வரமாட்டான் கேட்டியா. சவம், பேய் வீடாக்கிட்டானுவ.”

“நீங்க வாங்கலாம்னு கண்ணு வச்சிருந்தீங்களோ?” என்றாள் ஜெமி.

“வச்சிருந்தேன் மக்கா. இப்போ வேண்டாம். எனக்கு வீட்டுல ஒண்ணு இருக்கு. அதுவே போதும்.” பின் வரிசையிலிருந்த மனைவியைக் காட்டினார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “செரி, கொல செஞ்சது யாருன்னு சொல்லு. நீதானே கூடவே நின்ன.”

“எனக்குத் தெரியாது,” என்றான் ஜான்ரோஸ்.

“பொய் சொல்லாத. அந்த டைரக்டர் பயலோட தோட்டம் முழுக்க நடந்துட்டிருந்தியே. நான் கண்டேன்லா.”

ஜான்ரோஸ் சிரிப்பதுபோல் ஏதோ செய்தான்.

இரண்டாம் பாதி வளர்ந்தது. சந்தேகம் தம்பிமேல் போய், சமையல்காரன்மேல் போய், டாக்டரிடம் வந்து நின்றது. திரையில் மழை பெய்யத் தொடங்கியபோது ஜான்ரோஸ் எழுந்தான்.

“எங்க?” என்றாள் ரெனிஷா.

“தலவலி. ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன்.”

“இப்போதானே முடிவு வரப்போவுது.”

“வாறேன்.”

திரையில் அவர்களுடைய ஹால். அவர்களுடைய சாப்பாட்டு மேசை. சுற்றி வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ் அதிகாரி மட்டும் நின்றார். யாரையும் மிரட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

“புகைப்புரைக் கதவைத் திறந்தது யார்?”

ரெனிஷாவின் முதுகு நாற்காலியை விட்டு விலகியது. அதுவரை படத்தில் புகைப்புரை வரவே இல்லை. பெரியவர் செத்த இடத்தைக் காட்டாமலே கதையைக் கொண்டுபோயிருந்தார்கள்.

“நான்தான்,” என்றாள் திரையில் இளைய மருமகள்.

“திறக்கும்போது கதவு எப்படி இருந்தது?”

“சும்மா சாத்தித்தான் கிடந்தது.”

அவளுடைய சொல். ஒரு சொல்கூட மாறவில்லை.

அதிகாரி மெல்ல நடந்தார். “சாத்திய கதவு. தள்ளினால் திறக்கும். உள்ளே இருந்தவருக்குக் கை உண்டு, கால் உண்டு. மூச்சு முட்டும்போது அவர் ஏன் தள்ளிக்கொண்டு வெளியே வரவில்லை?”

பக்கத்தில் லில்லிபுஷ்பத்தின் போர்வை தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

“ஏனென்றால் வெளியே கொண்டி போட்டிருந்தது. அதைப் பார்த்திருக்கக் கூடியவர் ஒருவர்தான். திறந்தவர். பார்த்தவர் ஏன் மறைத்தார்? போட்டதும் அவரே.”

சரிவு, புகைப்புரை, மூடுகிற கதவு. ஒரு பெண்ணின் கை கொண்டியைத் தள்ளுகிறது. உள்ளே ஒரு இருமல். அவள் நிற்கிறாள். கேட்டுக்கொண்டே நிற்கிறாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு இறங்கிப் போகிறாள். சொத்துக்காக என்று அதிகாரியின் குரல் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தது.

ரெனிஷா அதைக் கேட்கவில்லை. அவள் வேறு ஒன்றைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

கொண்டி கிடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன் அம்மாவிடமும் சொன்னதில்லை. அப்படியானால் அதைத் தெரிந்தவர் உலகத்தில் இன்னும் ஒருவர்தான் இருக்க முடியும். போட்டவர். அவரே படக்காரனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

லில்லிபுஷ்பம் நெய்யூருக்குப் போகும்வரை, படக்காரர்கள் இருந்த நாளெல்லாம் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

ரெனிஷா திரும்பிப் பார்த்தாள். ஓர நாற்காலி காலியாக இருந்தது.

விளக்கு போட்டார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். “கடைசில மருமவதானா.” உடனே இன்னொரு குரல், “ஏலே, சும்மாரு. முன்னால இருக்காவ.”

வைகுண்டராஜன் அவர்களைக் கடந்து போனார். ரெனிஷாவைப் பார்க்காமல் போனார். ஜெமி கைப்பையைத் திறந்து மூடினாள். 

*

“நீ அம்மையக் கூட்டிட்டுப் பைய வா,” என்று ஜெமியிடம் சொல்லிவிட்டு ரெனிஷா முன்னால் இறங்கினாள்.

ஜான்ரோஸ் காரில் சாய்ந்து நின்றிருந்தான்.

“முடிஞ்சா?” என்றான்.

“முடிஞ்சு.”

யார் என்று அவன் கேட்கவில்லை.

“அந்தக் கதவு காரியத்த நீங்களா அந்த டைரக்டர்ட்ட சொன்னது?”

“வேற எஸ்டேட்டுல நடந்ததுன்னுதான் சொன்னேன். அவன் முடிவு கிட்டாம அலைஞ்சிட்டிருந்தான். எனக்கும் யார்ட்டயாவது ஒருக்கச் சொல்லணும்னு இருந்து. கேட்டுட்டு அவன் ஊருக்குப் போயிருவான்னு நெனச்சேன்.” நிறுத்தினான். “கேட்டுட்டு எனக்குக் கை குடுத்தான்.”

“கொண்டி கெடந்தது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

கேள்வி புரியாதவன் மாதிரி அவளைப் பார்த்தான்.

“ஒனக்குத் தெரியும்லா?”

“எனக்கு என்ன தெரியும்?”

“நீதானே தொறந்த. தொறந்துட்டு, சாத்தித்தான் கெடந்ததுன்னு எல்லார்ட்டயும் சொன்ன. எனக்காண்டித்தான் நீ சொல்லுகன்னு நெனச்சேன். அதக் கொண்டுதான் ஒன் முகத்த என்னால ஒழுங்காப் பாக்க முடியல்ல இத்தன நாளும்.”

“நான் மாமின்னு நெனச்சேன்.”

திருவனந்தபுரம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. 

“அம்மையா?”

“அந்தப் பாதைல எறங்கி வந்தத நான் பாத்தேன்.”

“ரெண்டு வருசமாட்டு அம்மைன்னா நெனச்சிட்டிருக்க?”

அவள் தலையாட்டினாள். சொல்லிக் கேட்டபோது அது இன்னும் பெரியதாக இருந்தது.

ஜான்ரோஸ் கார்ச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அன்னைக்குக் குலசேகரத்துக்குப் போற அவசரம். பைக் எடுக்க அந்த வழி போனேன். கதவு கொஞ்சம் தொறந்து கெடந்து. விளிச்சேன் ரெனி. ஆளுண்டான்னு விளிச்சேன்.” குரல் தாழ்ந்தது. “விளிச்சேன்னுதான் ஓர்மை. ஆனா எல்லா நாளும் விளிப்பேன்லா. அது எந்த நாளு விளிச்சதுன்னு எனக்குப் பிரிச்செடுக்க முடியல்ல.”

எதிரே ஜெமி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“அம்மைட்டச் சொல்லாண்டாம்,” என்றான் வேகமாக. “நீ சொன்னது சொன்னதா இருக்கட்டும். அது சினிமா. கதவு சாத்தித்தான் கெடந்து. என்ன, கேட்டியா?”

ரெனிஷா காரின் பின் கதவைத் திறந்தாள்.

தியேட்டருக்கு வரும்போது ஜெமி பின் சீட்டில் ரெனிஷாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். வீடு திரும்பும்போது கேட்காமலே முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஆற்றூர் போனது. திருவட்டாறு போனது. கண்ணாடியில் ஜெமியின் கண் இரண்டு முறை ரெனிஷாவைத் தொட்டு நகர்ந்தது.

லில்லிபுஷ்பம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பால் வெட்டில் மழை படாமல் பிளாஸ்டிக் தொப்பி கட்டிய ரப்பர் மரங்கள் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் என்று ரெனிஷா நினைத்தாள்.

*

வீட்டுக்கு வந்ததும் லில்லிபுஷ்பம் தன் அறைக்குப் போகவில்லை. ஹாலில் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தாள்.

“மக்கா, இஞ்ச வா. இரி.”

ரெனிஷா எதிரே உட்கார்ந்தாள். இருவரும் ஒரே மேசையில்.

“அந்தப் போலீசுக்காரன் ஒரு கேள்வி கேட்டான்லா. சாத்துன கதவத் தள்ளிட்டு அந்த ஆளு ஏன் வெளிய வரல்லன்னு.”

“ம்.”

“நான் ரெண்டு வருசமா அதத்தான் கேட்டுட்டிருக்கேன். நெனவா இருந்தாலும் அதுதான். கண்ண மூடினாலும் அதுதான்.”

ரெனிஷா அவளைப் பார்த்தாள்.

“அன்னைக்கு நான் சொல்லக் கூடாத ஒண்ணு சொல்லிட்டேன். முந்தின ராத்திரி முழுக்க அவருக்கு இருமல். எனக்கும் ஒறக்கமில்ல. டாக்டர் சொன்னாருல்லா, புகைக்குள்ள போவாதீங்கன்னேன். கேக்கணுமே. ஷீட்டு திருப்பிப் போடணும்னு நின்னாரு. எனக்குக் கலி வந்துட்டு. அப்போ அந்தப் புகையிலயே போயிக் கெடந்து சாவும்னு சொன்னேன். ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போனாரு.”

மேசையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் விரலால் எதையோ ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“மனசு கேக்காம விளிக்கப் போனேன். பலா மரம் வரைக்கும் போயிட்டேன். அப்போ ஒரு வீம்பு. கொள்ளாம், எப்போதும் நான்தான் போயி விளிக்கணுமான்னு திரும்பி வந்துட்டேன். அழுதுட்டுத்தான் வந்தேன். ஆனா திரும்பி வந்துட்டேன்.”

அடுக்களைச் சன்னல் வழியாக ரெனிஷா பார்த்தது அதைத்தான்.

“பெறவு நீ சொன்ன, கதவு சாத்தித்தான் கெடந்ததுன்னு. எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. தள்ளினா தொறக்கும். தள்ளல்ல. நான் சொன்னத அப்படியே செஞ்சிருக்காரு. வாசல் வரைக்கும் வந்து கெடந்திருக்காரே, வரணும்னா ஒரு கை நீட்டினாப் போதாதா? இந்த நாக்க வச்சுக்கிட்டு நான் எப்படி மக்கா திருவிருந்து எடுக்க?”

வெளியே ஜான்ரோஸ் இன்னும் உள்ளே வரவில்லை. சன்னலில் தெரிந்தான். கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

ஒருவரைக் காப்பாற்ற என்று தான் சொன்ன பொய் இத்தனை நாளும் யார் கழுத்தில் கிடந்தது என்று ரெனிஷா இப்போது கண்டாள்.

“ஒண்ணு கேக்கட்டா மக்கா?” லில்லிபுஷ்பம் முன்னால் குனிந்தாள். “படம் படந்தான். எனக்குத் தெரியும். ஆனா நீ தொறக்கும்போ கொண்டி கெடந்துதா?”

இல்லை என்று சொன்னால் போதும். புருஷன் கேட்டுக்கொண்டது அதைத்தான். இந்த வீடு நாளையும் இப்படியே இருக்கும். திருவிருந்து தரும் முதல் ஞாயிறு வரும். எல்லோரும் எழுந்து போவார்கள். இந்த அம்மாள் பெஞ்சில் குனிந்தபடி இருப்பாள்.

ஆமாம் என்றால், இரண்டு வருடம் பொய் சொன்னவள் ஆவாள். பொய் சொன்ன மருமகள் எப்படிப்பட்டவள் என்று குலசேகரமே சற்று முன்பு தியேட்டரில் பார்த்திருந்தது. போட்டது அவள் இல்லை என்றால், யார் என்று சொல்ல வேண்டும்.

நடையில் செருப்புச் சத்தம் கேட்டு நின்றது. ஜெமி. உள்ளே வராமல் நின்றிருந்தாள்.

“கெடந்துது,” என்றாள் ரெனிஷா.

“வெளியில?”

“வெளியில கெடந்துது மாமி. அத எடுத்துட்டுத்தான் தொறந்தேன். நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்.”

 சொல் லில்லிபுஷ்பத்துக்குள் போய்ச் சேர நேரம் எடுத்தது.

“அப்போ தட்டியிருப்பாரு,” என்றாள்.

“கை ரெண்டும் கரியாட்டு இருந்துது. கதவுக்கு உள்பக்கமும் கை பட்ட எடம் தெரிஞ்சுது. தட்டியிருக்காரு. மழைல நமக்குக் கேக்கல்ல.”

“தட்டியிருக்காரு.”

“ஆமா.”

“வெளிய வரணும்னு நெனச்சிருக்காரு.”

“ஆமா மாமி.”

லில்லிபுஷ்பம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அடக்கத்தன்று ஊரே பார்த்து நிற்கையில் அவள் அழவில்லை. கல்லுமாதிரி நிற்கிறாளே என்று பெண்கள் பேசினார்கள். அன்றைக்கு வராதது இப்போது வந்தது. தோள் குலுங்கியது. “தட்டினாரே, எனக்குக் கேக்கல்லியே,” என்றாள். பிறகு மறுபடி, “தட்டினாரு,” என்றாள். அழுகைக்கு நடுவே அந்த ஒரு சொல்லை மட்டும் வேறு குரலில் சொன்னாள். தொலைந்த பிள்ளை கிடைத்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னதைத் தானும் சொல்லிப் பார்ப்பவள் மாதிரி.

ரெனிஷா எழுந்துபோய் அவள் முதுகில் கை வைத்தாள்.

“அப்போ கொண்டி யாரு போட்டா மைனி?”

ஜெமி வாசலில் நின்று கேட்டாள். குரலில் கேலி இல்லை. தோஹாவின் வார்டில், செத்துப்போனவர்களின் வீட்டாரிடம் பேசும் குரலாக இருக்கும்.

ரெனிஷா அவளைப் பார்த்தாள். 

“நீங்கதான் தொறந்தீங்க. நீங்கதான் மறைச்சீங்க. யாருக்காக மறைச்சீங்க? எங்க அப்பாவாக்கும் மைனி. எனக்குச் சொல்லுங்க.”

ஜான்ரோஸ் உள்ளே வந்தான். ஈரத் துணி கையில் இருந்தது. எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. மேசைக்கு இரண்டடி தள்ளி நின்றான்.

லில்லிபுஷ்பம் நிமிர்ந்தாள். ஜெமி கேட்டது அவள் பாதிக் காதில் விழவில்லை. மகனைத்தான் கண்டாள். கை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். நனைந்த முகம் மலர்ந்திருந்தது.

“மக்கா, கேட்டியா? வெளியில கொண்டி கெடந்துதாம். அப்பா நம்மள விட்டுட்டுப் போவல்ல மக்கா. வெளிய வரத்தான் பாத்திருக்காரு. தட்டியிருக்காரு.”

ஜான்ரோஸ் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெமியின் பார்வை ரெனிஷாவை விட்டு அண்ணனின் முகத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.